கொத்தமல்லிக்குக் காசு கொடுக்காதவர்

எல்லாத் தெருவிலும் ஓர் அக்கா இருப்பார். அவர் பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்குத் தக்காளி கிலோ என்ன விலை என்று தெரிய வேண்டுமானால், அவர் வாசலில் போய் நின்றால் போதும். நேற்று என்ன விலை, போன வெள்ளிக்கிழமை என்ன விலை, உங்களுக்குப் போட்ட தக்காளி ஏன் அந்த விலைக்குத் தகுதியில்லாதது என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புவார். மதுரைப் பக்கம் இந்த வகை மனிதர்கள் செழிப்பாக இருக்கிறார்கள்.

அப்படி ஓர் அக்காவுக்குச் சமையல் செலவு வாரத்துக்கு 1,500 ரூபாய், வீட்டில் ஐந்து பேர். மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள், எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியைப் பார்த்துச் சாப்பிடும் அக்கா. பாலும் கேஸும் தனிக் கணக்கு. இந்த 1,500 எந்த ஆண்டில் முடிவானது என்று கேட்டால் கணவர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். இப்படிப்பட்டவர்களை ‘வீட்டு நிதியமைச்சர்’ என்று புகழ்வது பத்திரிகை வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிதியமைச்சர் பற்றாக்குறை பட்ஜெட் போடலாம், சபையில் மேசையைத் தட்டிப் பாராட்டுவார்கள். அக்கா வீட்டில் உளுந்து பற்றாக்குறை என்றால் மாமியார் தட்டைத் தட்டுவார்.

தெருமுனையிலேயே காய்கறிக் கடை இருக்கிறது. அக்கா அங்கே நின்று நலம் விசாரிப்பதோடு சரி, காய் வாங்குவதெல்லாம் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில்தான். 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த உழவர் சந்தை அது. முன்பெல்லாம் போக வர பஸ் காசைக் கத்திரிக்காய் விலையோடு கூட்டி, லாபம் நிற்கிறதா என்று பார்த்துத்தான் கிளம்புவார். 2021 மே மாதத்தில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும் அந்தக் கணக்கு ஒழிந்தது. இப்போது பை தூக்கக் கணவரைக்கூடக் கூட்டிப் போவதில்லை. அவருக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமே! ஒரு சுரைக்காய் அதிலேயே போய்விடும்.

சந்தைக்குள் நுழைந்ததும் எதையும் வாங்கிவிட மாட்டார். முதல் சுற்று பார்ப்பதற்கு மட்டும். மஞ்சப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, விலைப் பலகையை ஒரு தடவை, காய்களை ஒரு தடவை, விற்கிறவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டே நடப்பார்.

“என்னக்கா, சும்மா பாத்துட்டே போறீங்க?”

“வருவேன்ப்பா, எங்க போயிரப் போறேன்.”

அந்தப் பதிலில் அரைக் கிலோ வெண்டைக்காய்க்கான நம்பிக்கையும் இருக்கும், மிரட்டலும் இருக்கும். இரண்டாவது சுற்றில்தான் நுனி ஒடிக்கும் சத்தம் கேட்கும். பலகையில் எழுதிய விலைக்குப் பேரம் பேசுவது முறையில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் தராசில் எண் வந்து நின்ற பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். “இன்னும் ரெண்டு போடு. புள்ளைங்க இருக்குற வீடு.” அந்தப் பிள்ளைகளில் மூத்தவன் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்பது தராசுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக, காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அவர் கை கொத்தமல்லிக் கட்டின் பக்கம் போகும். உழவர் சந்தையோ மூலைக்கடையோ, கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் அவரைப் பொறுத்தவரை கொசுறு. அதற்கு விலை கேட்கிற கடைக்கு அடுத்த வாரம் போக மாட்டார்.

ஒருநாள் மூத்தவன் போனில் ஏதோ தட்டினான். பத்து நிமிஷத்தில் வாசலில் ஒரு பையன் பையோடு நின்றான். உள்ளே கொஞ்சம் தக்காளி, ஒரு சின்னக் கட்டுக் கொத்தமல்லி. ரசீதை அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். டெலிவரிக் கட்டணத்தை மன்னித்துவிட்டார், மழையில் வந்த பையன். கொத்தமல்லி என்று தனி வரி போட்டு, அதற்கு எதிரே ஒரு தொகையும் போட்டிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. “கொத்தமல்லிக்காடா காசு குடுத்த?” அன்று முழுக்க வீடு துக்க வீடாக இருந்தது. இந்த விஷயத்தில் அக்கா தனி ஆள் இல்லை. 2024 மே மாதத்தில் மும்பையில் ஓர் அம்மா இதே காரணத்துக்காக அதிர்ந்துபோனதை அவர் மகன் சமூக வலைத்தளத்தில் எழுதப்போய், பிளிங்கிட் டெலிவரி நிறுவனம் குறிப்பிட்ட காய் வாங்கினால் கொத்தமல்லி இலவசம் என்று அறிவித்துவிட்டது. இதைச் சொன்னதும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: “கறிவேப்பிலை?”

அடுக்களைச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் அவரைப் பக்திமான் என்று நினைப்பார்கள். அவர் தேடுவது முகூர்த்த நாளை. கல்யாணம் அதிகம் என்றால் வாழைக்காயும் கத்திரிக்காயும் ஏறும், அந்த வாரம் வீட்டில் பூசணி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது அவருக்குப் பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கும், அதற்கு முன்பே கருவாடு டப்பாவில் ஏறிவிடும். புரட்டாசியில் ஊரே கவிச்சியை விட, நாமக்கல் முட்டை விலை இறங்கும். மாமியார் சனிக்கிழமை விரதம். அக்காவோ, பெருமாளே பார்த்து விலையைக் குறைத்திருக்கும்போது வாங்காமல் இருப்பதுதான் அபசாரம் என்ற கட்சி.

ரேஷன் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25. அரிசிக்குக் காசே இல்லை. அந்த அரிசியைச் சோறாக்கினால் முகம் சுளிக்கிறவர்கள், அதையே உளுந்தோடு அரைத்து இட்லியாக ஊற்றினால் நாலு கேட்கிறார்கள். இந்த ரகசியத்தை அவர் யாருக்கும் சொல்வதில்லை. கீரை ஞாயிறு திங்களுக்குள் தீர்ந்துவிடும், சேனையும் உருளையும் வார இறுதி வரை தாங்கும். பீர்க்கங்காயின் தோல் துவையலாகும், தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாகும். மாவு ஏகமாகப் புளித்த அன்று மாலை குழிப்பணியாரம். கணவர் அதைத் தனக்காகச் செய்த விசேஷப் பலகாரம் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். கல்யாண வாழ்க்கையில் சில நம்பிக்கைகளைக் கலைக்காமல் விடுவது நல்லது.

இவ்வளவு கெட்டிக்காரியின் கணக்கில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. மல்லிகைப்பூவுக்கு மட்டும் விலை கேட்க மாட்டார். மார்கழி, தையில் பனி விழுந்து வரத்துக் குறைந்து, பூ கிலோ ஆயிரங்களில் பறக்கும்போதும் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார். “பூவுக்குப் போய் பேரம் பேசுவாகளா?” என்பார். நல்லெண்ணெயும் அப்படித்தான், செக்கில் ஆட்டியதாக இருந்தால்தான் குழம்புக்கு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு முழத்துக்காகத்தான் மற்ற கடைகளில் அவ்வளவு வாய்ச்சண்டை என்பது என் சந்தேகம்.

அவருக்கு நிஜமான பரீட்சை சனிக்கிழமை மதியம் வரும். கூடையில் நாலு உருளைக்கிழங்கும், பாதிப் பூசணியும், ஓர் இஞ்சித் துண்டும் மட்டும் கிடக்கிற நேரம் பார்த்து, திருமங்கலத்துச் சித்தப்பா முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்பார்.

“வாங்க சித்தப்பா! சாப்பிட்டுத்தான் போகணும்.”

“எதுக்கும்மா சிரமம்?”

“என்ன சிரமம், வாங்கிப் போட்டதெல்லாம் அப்படியே கெடக்கு.”

இதைச் சொல்லும்போதே கொல்லை வழியாக இளையவன் பக்கத்து வீட்டுக்குத் தயிர் வாங்க ஓடிக்கொண்டிருப்பான். முக்கால் மணி நேரத்தில் பூசணி போட்ட மோர்க்குழம்பு, உருளை வறுவல், சித்திரை வெயிலில் காய்ந்த கூழ்வற்றல், கறிவேப்பிலை தூக்கலாக ரசம். சித்தப்பா இரண்டாம் தடவை சோறு வாங்கி, “தடபுடலா செலவு பண்ணிட்டியேம்மா” என்று குறைபட்டுக்கொள்வார். கிளம்பும்போது இளையவன் கையில் 200 ரூபாய் நோட்டைத் திணிப்பார். “வேண்டாம் சித்தப்பா, எதுக்கு இதெல்லாம்?” என்று அக்கா இரண்டு முறை மறுப்பார். மூன்றாம் முறை மறுத்ததாக யாரும் கண்டதில்லை.

சித்தப்பாவின் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அந்த நோட்டு அஞ்சறைப்பெட்டிக்குக் கீழே போய்விடும்.

“அம்மா, அது என் காசு!”

“உனக்குத்தான்டா சேத்து வைக்கிறேன்.”

“இதுவரைக்கும் எவ்வளவு சேந்திருக்கு?”

“போய்ப் படி.”