ரெண்டு அங்குலப் பள்ளம்

வாப்பா கூகுளு, இப்படித் திண்ணையில உக்காரு. வெத்தல போடுறியா? எந்தக் கடையில வாங்கினேன்னு உனக்கே தெரிஞ்சிருக்குமே.

நீ அமெரிக்காவுல கண்ணாடி இழை வயரு போடப் போன கதைய பேரன் படிச்சுக் காட்டினான். சிரிப்பு அடங்க ரெண்டு நாளாச்சு.

2010 பிப்ரவரியில ஒரு தண்டோரா போட்ட. நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்துல இணையம் தாரேன், எந்த ஊருக்கு வேணும்னு கேட்ட. அம்புட்டுத்தான், 1,100 ஊருக்கு மேல மனுப் போட்டுச்சு. கான்சாஸ் மாநிலத்துல டொப்பீகான்னு ஒரு ஊரு, ஒரு மாசம் தன் பேரையே 'கூகுள்'னு மாத்திக்கிச்சு. டுலூத் மேயரு குளிர் விறைக்கிற சுப்பீரியர் ஏரியில குதிச்சாரு. நம்ம பக்கத்துல மண்சோறு திம்பாக, அலகு குத்துவாக. அங்க ஏரியில விழுறாக. வேண்டுதல்னா வேண்டுதல்தான். கடைசியில நீ வரம் குடுத்தது யாருக்கு? பேரு மாத்தினவனுக்கு இல்ல, நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கான்சாஸ் சிட்டிக்கு! டொப்பீகாவுக்கு மிஞ்சினது, ஏப்ரல் முதல் தேதி ஒரு நாள் நீ உன் பேரை 'டொப்பீகா'ன்னு மாத்திக்கிட்டதுதான். அருச்சனைத் தட்டுல தேங்காமூடி கூட வரலே.

ப்ரோவோ ஊருக்காரன் 3.9 கோடி டாலர் கடன் வாங்கிப் போட்ட வயரை 2013ல ஒத்த டாலருக்கு வாங்கின பாரு, அங்க நீ யாவாரி. ஒத்துக்கிடுறேன். கடனை ஊருக்காரன் அதுக்கப்புறமும் கட்டுனான்.

அதே வருசம் ஆஸ்டினுக்கு வாரேன்னு சொன்ன. அன்னைக்கே அந்தூரு பழைய பண்ணையாரு, ஏடி அண்ட் டிங்கிற போன் கம்பெனி, நானும் கிகாபிட் தாரேன்னு துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சிட்டாரு. தொழுவத்துக்குப் புதுக் காளை வந்தாத்தான் கிழட்டுக் காளை மண்ணைக் கிளறும். உங்கிட்ட இணையம் வாங்காதவனுக்கும் உன்னால லாபம். ஆனா அதுக்கு ஒருத்தனும் உனக்குப் பணம் அனுப்ப மாட்டான், தம்பி.

இப்ப நீ கால் வச்ச இன்னொரு ஊரு, லூயிவில் சங்கதிக்கு வருவோம். போஸ்ட்டுல ஏற்கெனவே தொங்குற அடுத்தவன் வயரை, புதுசா வாரவனே ஒரே தடவையில நகர்த்திக்கலாம்னு நகராட்சி 2016ல சட்டம் போட்டுச்சு. ஏடி அண்ட் டி கோர்ட்டுப் படி ஏறிருச்சு. ஊரு ஜெயிக்க மறு வருசம் ஆச்சு. உனக்குத்தான் பொறுமை கிடையாதே! போஸ்ட்டு வேண்டாம், ரோட்டைக் கீறி உள்ள வச்சு மூடிருவோம்னு கிளம்பின. ஆழம் எம்புட்டு? சில தெருவுல ரெண்டே அங்குலம்!

ஏப்பா, நாங்க நிலக்கடலை ஊன்றதே அந்த ஆழத்துலதான். அது முளைச்சு மேல வரணும்னு அப்படி ஊன்றோம். உன் வயரும் முளைச்சு வந்திருச்சு. மேல பூசின பசை பேந்து, ரப்பர் நாடா கணக்கா தெருவெல்லாம் கிடந்துச்சாம்.

சிரிச்சேனே தவிர, எனக்கும் கூச்சம்தான். கமலையை விட்டு மோட்டாருக்கு மாறின வருசம் கூலி மிச்சம்னு பைப்பை மேலாக்கப் புதைச்சேன். மொத உழவுலயே கொழு தட்டி உடைஞ்சு, பக்கத்துக் காட்டுக்காரன் கடலைக்கு ஓசியில தண்ணி பாய்ஞ்சது. எம் பொஞ்சாதி இன்னைக்கும் சொல்லிக் காட்டுறா. அகல உழுறதை விட ஆழ உழுன்னு சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். உலகமே எதையும் உங்கிட்டத் தேடுது, நீ இதை ஒருதரம் தேடிப் பார்த்திருக்கக் கூடாதா?

2019 ஏப்ரல் 15ல அந்த ஊருல கடையைச் சாத்திட்ட. திறந்து ரெண்டு வருசம் கூட ஆகலே. ரோட்டைச் சரி பண்ண மட்டும் 38.4 லட்சம் டாலர் தண்டம். அந்தப் பணத்துக்கு எத்தனை அடி ஆழம் தோண்டியிருக்கலாம்னு பேரனைக் கணக்குப் போடச் சொன்னேன். உங்கிட்டயே கேட்கிறேன்னு போனைத் தூக்கிட்டான்.

2022ல இருந்து மறுபடியும் புது மாநிலங்களுக்குக் கிளம்பிட்டியாம். நல்லது, போயிட்டு வா. திண்ணைக்கு அடியில கடப்பாரையும் மம்பட்டியும் கிடக்கு, எடுத்துக்கோ. திருப்பித் தாரப்போ முனையில மண்ணு இருக்கான்னு பார்ப்பேன்.