மருமகன் படம் காட்டப் போறானாம்

என்ன மருமகனே, குட்டி யானை வண்டி வாங்கிப்பிட்டயாம். அதுல புரொஜக்டர ஏத்திக்கிட்டு ஊருக்கு ஊரு திருவிழாவுல படம் ஓட்டப் போறயாம். வண்டிக்கு ரெண்டு பக்கமும் உம் பேரு எழுதியாச்சு, பின்கதவுல சூப்பர் ஸ்டாரையும் வரைஞ்சாச்சு. இனி என்னடா மிச்சம்? கரண்டு, திரை, சத்தம், லைசென்சு. அவ்வளவுதான. சில்லறை வேலை.

சாமிக்கண்ணு வின்சென்ட்டுன்னு ஒருத்தர் இருந்தாரு. திருச்சி ரயில்வேயில வரைபடம் போடுற உத்தியோகம். உடம்புக்கு முடியாம ஊருக்குக் கிளம்புன ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட 1905ல மெஷினையும் ஏசுநாதர் படத்தையும் வாங்கிக்கிட்டு, கூடாரம் அடிச்சு ஊர் ஊராக் காட்டுனாரு. அப்படி அலைஞ்சு தொழில் பழகின பெறகுதான் 1914ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டுனாரு. மனுசன் வெவரம் பத்தாதவரு. போர்ட மொதல்ல எழுதிட்டுத் தொழிலப் பெறகு படிக்கலாம்னு அவருக்குத் தோணவே இல்ல பாரு.

சரி, மெஷின எங்க வைக்கப் போற? கூட்டத்துக்குக் கடைசியில, வண்டி மேலயா? பேஷ். உன் மெஷின் அட்டைப்பெட்டிய நானும் பாத்தேன், த்ரோ ரேஷியோ 1.5ன்னு போட்டிருக்கான். 12 அடி அகலத் திரைன்னா 18 அடி தள்ளி மெஷின் இருக்கணும்னு அர்த்தம். 18 அடியிங்கிறது கூட்டத்துக்கு நட்டநடு. நீ 36 அடிக்குப் பின்னால இழுத்துட்டுப் போனா படம் 24 அடிக்கு விரியும். நடுப்படம் திரையில ஓடும், மிச்சப் படம் பக்கத்துல இருக்குற டீக்கடைக் கூரையில ஓடும். டீக்கடைக்காரரும் சந்தோசப்படட்டும், நல்லதுதான். அதுக்கேத்தாப்புல பெரிய திரை தச்சுருவேன்னு உடனே ஜவுளிக்கடைக்கு ஓடாத. அகலம் ரெட்டிப்பானா பரப்பு நாலு மடங்கு, வெளிச்சம் கால்வாசி. அப்புறம் வில்லன் யாரு, கதாநாயகன் யாருன்னு ஊர்க்காரங்க பந்தயம் கட்டித்தான் கண்டுபிடிக்கணும்.

அப்ப வண்டியவே கொண்டாந்து நடுவுல குறுக்கால நிறுத்திருவேங்கிற. அது அதவிட அருமையான யோசனை. வண்டிக்குப் பின்னால உக்காந்தவன் மூணு மணி நேரமும் உம் பேரையே படிச்சுக்கிட்டிருப்பான். உனக்கும் அதுதான வேணும்?

தூரத்துக்குன்னே தனி லென்சு இருக்குடா. காசு கூடத்தான். அது முடியலேன்னா வண்டிய ஓரங்கட்டு. நடுவுல நாலு சவுக்குக் கட்டைய நட்டு, ஒரு ஆளு நிக்கிற அகலத்துக்குப் பரண் கட்டி மெஷின மட்டும் ஏத்து. தரையில உக்காந்தவங்க தலைக்கு மேல வெளிச்சம் போனாப் போதும், அஞ்சாறு அடி தாராளம். நெடுநெடுன்னு ஒசத்திட்டுக் கீழ பாத்துச் சாய்ச்சேன்னு வையி, படம் மேல ஒடுங்கிக் கீழ அகண்டு போகும். அதுக்குக் கீஸ்டோன் பட்டன் இருக்குன்னு கடைக்காரன் சொல்லியிருப்பான். இருக்கு. அமுக்குனாக் கோணல் நிமிரும், கூடவே படத்தோட தெளிவும் கொஞ்சம் போகும். பரணச் சுத்திக் கயிறு கட்ட மறந்துராத. வெளிச்சத்தப் பாத்துட்டா நம்மூருப் பொடுசுகளுக்குக் கை சும்மா இருக்காது, கதாநாயகி மூஞ்சியில மான் ஓடும், முயல் ஓடும்.

அது என்ன, நாலு பக்கமும் பிளைவுட் அடிச்சு அறை மாதிரி செஞ்சு வச்சிருக்க? பழைய கொட்டகை ஆப்ரேட்டர் ரூமப் பாத்துக் காப்பி அடிச்சயாக்கும். அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டு. பத்திக்கிட்டா தண்ணிக்குள்ள முக்குனாலும் எரியும். அதுக்குப் பயந்துதான் தீப்பிடிக்காத அறை கட்டி, வெளிச்சம் போற ஓட்டைக்கு இரும்பு மூடி போட்டாங்க. உன் படம் இருக்குறது பென்டிரைவுல. அது எரியாது. ஆனா பொட்டிக்குள்ள அடைச்ச மெஷின் புழுங்கிப்போயி, சூடு தாங்காமத் தானா அணைஞ்சுக்கும். பனி விழாம மேல மட்டும் ஒரு கூரை போடு. காத்து உள்ள போற பக்கத்தையும் சூடு வெளிய வர்ற பக்கத்தையும் தெறந்து விடு. படம் முடிஞ்சதும் பிளக்கப் புடுங்கிட்டுச் சோத்துக்கு ஓடாத. பல்பு வச்ச மெஷின்னா உள்ள இருக்குற காத்தாடி சுத்தி முடியட்டும்.

ஜெனரேட்டரப் பரணுக்குக் கீழயே வச்சிரு, வசனகர்த்தாவுக்கு வேலை மிச்சம், அதுவே பேசிக்கிடும். அது வேண்டாம்னா நூறு அடி தள்ளி வையி. வைக்கப்படப்புக்குப் பக்கத்துல மட்டும் வச்சிராத. ஒயர் தடிமனா இருக்கணும். மெல்லிசா இருந்தா, அம்புட்டுத் தூரம் வர்றதுக்குள்ள வோல்டேஜ் பாதி வழியிலயே படுத்துக்கும். சீரியல் செட்டையும் ஜூஸ் கடை மிக்சியையும் அதே லைன்ல சேத்துராத. கொக்கி போட்டுக் கம்பத்துல எடுத்துக்கலாம்னு எவனாவது சகாயம் சொல்லுவான். 2003 மின்சாரச் சட்டத்துல அதுக்குத் திருட்டுன்னு பேரு. பிடிபட்டா அந்தச் சகாயக்காரன் உனக்கு ஜாமீனுக்கு வர மாட்டான்.

ஆடி மாசம் திரை கட்டப் போறியோ? கட்டு, கட்டு. 12 அடித் துணிய நாலு மூலையிலயும் விறைப்பா முடிச்சுப் போட்டேன்னா அடிக்கிற காத்துல ஒண்ணு துணி கிழியும், இல்ல கம்பு சாயும். சைக்கிள் டியூப்ப வார்வாரா வெட்டி மூலைக்கு மூலை மாட்டு, காத்து வந்தா இளகிக் குடுக்கும். அத விடு, பள்ளிக்கூடத்துல அம்மாம் பெரிய சுவர் சும்மாதான நிக்குது. வாத்தியார்கிட்டக் கேட்டு ஒரு கை சுண்ணாம்பு அடிச்சா அதவிட நல்ல திரை கெடையாது. சுவத்துக்கு எதுத்தாப்புல தெருவிளக்கு இருந்தா அன்னிக்கு மட்டும் அணைக்கச் சொல்லிக் கேளு. மழை பேஞ்ச மறுநா ஈசல் வரும். தூரத்துல ஒரு டியூப் லைட்டப் போட்டு விடு, பாதிக்கூட்டம் அங்க போயிரும். ஈசலத்தான் சொல்றேன்.

சத்தத்துக்கு ப்ளூடூத்து பெட்டி வாங்கியிருக்கயாமே! கதாநாயகி உதட்ட மூடுன பெறகுதான் வசனம் வந்து சேரும். ஒயர் போடு மருமகனே, பெட்டியத் திரைக்குப் பக்கத்துல வையி. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000லயே விதி வந்தாச்சு. திருவிழாவுக்கு அரசாங்கம் தளர்த்துனாலும் பன்னெண்டு மணி வரைக்குந்தான், அதுவும் வருசத்துக்கு 15 நாளுக்கு மேல கெடையாது. சித்திரையில ஏழு மணிக்குத்தான் நல்லா இருட்டும். ரெண்டே முக்கால் மணி நேரப் படத்த ஏழேகாலுக்குப் போட்டாத்தான் பத்துக்கு முடியும். நாட்டாமை, தலைவரு, துணைத்தலைவருன்னு எல்லாருக்கும் பொன்னாடை போத்தி முடிச்சு எட்டரைக்கு ஆரம்பிச்சேன்னா, கிளைமாக்ஸ போலீஸ்காரங்கதான் நடத்தி வைப்பாங்க.

செல்லுல எறக்குன படத்த ஊருக்கே போட்டுக் காட்டலாம்னு இருக்கயாக்கும். வாங்கிப் பாக்குறது வேற, கூட்டத்துக்குக் காட்டுறது வேற. 1957 காப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. உரிமை வச்சிருக்குறவங்ககிட்ட எழுத்துல வாங்கு. டிக்கெட் போட்டு ஓட்டுறதுன்னா கலெக்டர் ஆபீசு லைசென்சும் வேணும், அதுக்கு 1955லயே சட்டம் போட்டாச்சு. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே உனக்காக எழுதி வச்சிருக்காங்க, போய் வாங்கிக்க வேண்டியதுதான் பாக்கி.

இன்னிக்கே போயி ஒரு நல்ல ஒயர்மேனப் பாரு. மெஷினுக்கு மாலை போட்டு பூசை வைக்கிறதெல்லாம் பெறகு வச்சுக்கலாம். வெளியூருக்குக் கிளம்புறதுக்கு முன்ன நம்ம பள்ளிக்கூடத்துச் சுவத்துல ஒரு தரம் ஓட்டிப் பாத்துரு. நாற்காலி நானே கொண்டாந்துக்கிறேன், காசு மட்டும் கேட்டுராத.