ஓனர் எண்: 4

குளத்தூர்ப் பக்கம் காளை வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார். முதல் பெரிய வண்டியாகப் பழைய புல்லட் வாங்கப் போகும் தம்பிக்கோ ‘டப் டப்’ சத்தமே போதும். விற்பவர் விடியலிலேயே ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கிறார். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகாமல் என்ன செய்யும்? “வாத்தியார் ஓட்டுன வண்டி தம்பி, சிங்கிள் ஓனர்.” ஆர்.சி. புக்கில் ஓனர் எண் 4. சைலன்சரை ஊர் அதிர மாற்றியதும் வாத்தியார்தானோ என்னவோ!

இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்த புல்லட்டுக்குப் பல்லாண்டு காலம் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். கூட வந்த மெக்கானிக் அண்ணன் இதைச் சொல்வதற்குள் தம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். கீரனூர் முக்கில் பிரேக் என்று அவர் மிதித்தது கியரை. எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர்தான் பிரேக் பிடித்தார்.