பஞ்சுக் காரும் பெண்டாட்டி வேலையும்

கேள்வி: சோஷலிசம், முதலாளித்துவம் இரண்டில் எதில் மனிதன் சுகமாக வாழ்கிறான்? எதில் புதிதாகக் கண்டுபிடிக்கிறான்?

பதில்: ஒரே இனத்தை இரண்டாகப் பிரித்துச் சோதித்துப் பார்த்த இடம் ஜெர்மனி. சோஷலிசம் ஆண்ட கிழக்கே, 1957இல் ஸ்விக்காவ் நகரில் 'டிராபன்ட்' கார் பிறந்தது. எஃகுத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. எனவே பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்தி அதன் மேற்கூட்டைச் செய்தார்கள். துருவே பிடிக்காது, நிஜமாகவே நல்ல கண்டுபிடிப்பு!

வில்லங்கம் அப்புறம்தான். 1964இல் வந்த 601 மாடல், பெரிய மாற்றமில்லாமல் 1990 வரை ஓடியது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், 26 குதிரைத்திறன், புகை தாராளம். டாங்கில் குச்சியை விட்டுத்தான் பெட்ரோலை அளக்க வேண்டும் என்ற நிலை பல காலம் நீடித்தது. பொறியாளர்கள் தூங்கவில்லை; 1960களிலேயே புது மாடல் செய்து காட்டினார்கள். கட்சி மேலிடம் வேண்டாமென்றது. வாங்குகிறவர் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்கத் தயார் என்றால், யார் மெனக்கெடுவார்? கையோடு கிடைக்கும் பழைய டிராபன்ட், புதியதைவிட அதிக விலைக்குப் போன கூத்தும் நடந்தது. முதலாளித்துவ மேற்கே 1974இலேயே ஃபோக்ஸ்வாகன் 'கோல்ஃப்' கார் வந்துவிட்டது. கடைசியில், 1990இல் டிராபன்ட்டுக்குள்ளும் ஃபோக்ஸ்வாகன் எஞ்சினைத்தான் பொருத்தினார்கள்.

சரி, மேற்குக்கே மாலை போட்டுவிடலாமா? பெண்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். குழந்தைக் காப்பகங்களைப் பரவலாகத் திறந்து, பெரும்பாலான பெண்களை வேலைக்கு அனுப்பியது கிழக்குதான். மேற்கிலோ, குடும்பக் கடமைக்குக் குந்தகம் வராவிட்டால் மட்டுமே மனைவி வேலைக்குப் போகலாம் என்ற சட்டம் 1977 வரை இருந்தது.