பலூன் சுடுதலில் குறி தவறுதலின் இன்றியமையாமை: தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

நெய்தல் நிலத்துக்குரிய கருப்பொருள்களை வகுத்த நம் இலக்கண ஆசிரியர்கள் மீன், உப்பு, தாழை என்றெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுப் பலூனை விட்டுவிட்டார்கள். உரையாசிரியர்களும் கண்டுகொள்ளவில்லை. தூத்துக்குடிக்காரர்களுக்கு இது பெரிய குறை. ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று பனிமய மாதா கோவிலில் கொடி ஏறினால், ஆகஸ்ட் 5 திருநாள் வரைக்கும் கடற்கரைச் சாலையின் தலையாய கருப்பொருள் பலூன்தான். 1555-இல் மணிலாவிலிருந்து கடல் வழியாக வந்த சுரூபம், 1713-இல் எழுந்த ஆலயம், 1982-இல் கிடைத்த பேராலய அந்தஸ்து என்று இந்தத் திருவிழாவின் பெரிய சங்கதிகளையெல்லாம் பெரியவர்கள் எழுதிவிட்டார்கள். ஆடி வெயிலில் வேகும் ஊருக்குப் பனியின் பெயரால் ஒரு மாதா எப்படி அமைந்தாள் என்பதைக்கூட எழுதிவிட்டார்கள். எனக்கு மிச்சம் கிடைத்தது ராட்டினத்துக்கும் பஞ்சுமிட்டாய்க்காரருக்கும் நடுவே நாலு கம்பு நட்டு, பின்னால் சாக்கைத் தொங்கவிட்டு, பலகையில் வரிசை வரிசையாகப் பலூன் கட்டி வைத்திருக்கும் அந்தக் கடை ஒன்றுதான்.

ஆய்வுக் கேள்வி எளியது. கை நீட்டினால் பாதி தூரம் தொட்டுவிடலாம் என்கிற இடத்தில் இருக்கும் பலூனைச் சுட ஒருவன் காசு கொடுக்கிறான். சுட்டால் பரிசு கிடையாது. பாதிக்கு மேல் தவறுகிறது. கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறான். அடுத்த ஆண்டு மறுபடி வருகிறான். ஏன்?

எல்லையை முதலில் வரையறுத்துவிடுகிறேன். பொழுதுபோக்காகச் சுடுவது மட்டுமே இங்கே பொருள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பொழுதுபோக்கு அல்ல; அது வரலாற்றுத் துறைக்குப் போகட்டும். அடுத்த வீட்டு மாங்காயைக் குறிபார்ப்பதும் எல்லைக்கு வெளியே. மாங்காய் விஷயத்தில் எனக்குச் சொந்த நலன் கலந்திருப்பதால் ஆய்வு நேர்மை கருதி விலகிக்கொண்டேன்.

கருவிக்கு வருவோம். ஏர் கன். குழலின் வாய் 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர். அதற்குள் போகும் ஈயக் குண்டு பெயருக்குத்தான் குண்டு. கிட்டே பிடித்துப் பார்த்தால் இடுப்புச் சிறுத்து, பின்பக்கம் பாவாடை விரித்தாற்போல இருக்கும். இந்த அளவுக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு நம் சட்டத்தில் உரிமம் தேவையில்லை என்பதால்தான் அது பஞ்சுமிட்டாய்க்குப் பக்கத்தில் உட்கார முடிகிறது. கடைக்காரர் அதைச் சுடத் தயாராக்கும் காட்சி தனி. கட்டையைத் தொடையில் ஊன்றி, குழலின் நுனியைப் பிடித்து, முருங்கைக்காயை ஒடிப்பதுபோல ஒரே இழுப்பில் மடக்குவார். உள்ளே சுருள்வில் அமுங்கும். பழைய பவுடர் டப்பாவிலிருந்து ஒரு குண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். குழலை நிமிர்த்தினால் 'கடக்'. பிறகுதான் நம் கையில் தருவார், அதுவும் வாய் பலகையைப் பார்த்தபடியே. குதிரையை இழுத்ததும் வில் விடுபட்டு, காற்றை நெருக்கி, குண்டைத் தள்ளிவிடும்.

இந்த 'கடக்'கில்தான் ஆய்வின் உயிர்நாடி இருக்கிறது. குழல் மடங்கும் இடத்தில் ஒரு கீல். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மடக்குவார்கள் என்று திருவிழாக் கூட்டத்தைப் பார்த்து நீங்களே கணித்துக்கொள்ளலாம். உப்பளம் சூழ்ந்த ஊரின் காற்று வேறு. கீல் தேயும், துருப்பிடிக்கும், லேசாக ஆடும். குழல் நிமிரும் ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்துக்கே போய் உட்காரும் என்பதற்கு உறுதி இல்லை. போதாக்குறைக்கு, மடக்குகிற கை பிடிப்பது குழல் நுனியை. முன்குறி நிற்பதும் அங்கேதான். அது நாளடைவில் ஒரு பக்கம் சாய்கிறது. வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு இடப்பக்கம் போகும், இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். இதை அறியாத பொதுமக்கள் "குறியை வளைச்சு வச்சு ஏமாத்துதான்" என்கிறார்கள். யாரும் வளைக்க வேண்டியதில்லை. பிழைப்பே வளைத்துவிடுகிறது.

இதைச் சோதிக்கச் சென்ற ஆண்டு நானே களத்தில் இறங்கினேன். மேல் வரிசையில் வலது ஓரம் ஒரு பச்சைப் பலூன். ஐந்து குண்டு அதற்கே ஒதுக்கினேன். ஐந்தும் அதற்கு இடப்பக்கம், சாக்கில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் செருகின.

"அண்ணாச்சி, துப்பாக்கி நேரா இல்லியே?"

"துப்பாக்கி நேராத்தான் இருக்கு தம்பி. நீங்கதான் ரெண்டு கண்ணையும் மூடிச் சுடுதிய."

அவர் சொன்னதில் பாதி உண்மை. கடைசி நொடியில் எனக்குக் கண் மூடிக்கொள்வது வழக்கம். மீதிப் பாதியை அந்த ஐந்து ஓட்டைகள் சொல்லின. எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் விழுந்தால், அந்த இடம் தப்பாக இருந்தாலும், துப்பாக்கி யோக்கியமானது. ஒரே மாதிரி பொய் சொல்பவனை நம்பிக் காரியம் செய்யலாம். எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்பது தெரியும். இடப்பக்கம் நாலு விரல் போகிறதா, வலப்பக்கம் நாலு விரல் தள்ளிக் குறிவை. முடிந்தது. ஆக, விவரம் தெரிந்தவனின் முதல் குண்டு பலூனுக்கு அல்ல. அது வெற்றிடத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து, துப்பாக்கியின் குணத்தை விசாரிக்கப் போகிற குண்டு. நான் இதை ஆறாவதாக உணர்ந்தேன். எனக்கு விற்கப்பட்டவை ஐந்து.

தவறுவோர் சொல்லும் காரணங்களைத் தொகுத்ததில் நான்கு கொள்கைகள் தெரிகின்றன. பெரும்பான்மை கம்பிக் கொள்கையினர். குழல் வளைந்தது என்பார்கள். அடுத்தது தள்ளிவிட்டான் கொள்கை. இது மைத்துனரோடு வருபவர்களிடம் காணப்படுகிறது. மூன்றாவது வெளிச்சக் கொள்கை. டியூப் லைட் கண்ணில் அடிக்கிறதாம். நான்காவதான காற்றுக் கொள்கையைக் கொஞ்சம் மரியாதையோடு அணுக வேண்டும். திருவிழா நடப்பது ஆடியில். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் காலம். இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் குண்டைக் காற்று மயிரிழைகூட நகர்த்தாது என்பது பௌதிகம். ஆனால் பலூனை நகர்த்தும். நூலில் கட்டிய பலூன் தலையாட்டும், பக்கத்துப் பலூனோடு முட்டும், நாம் மூச்சைப் பிடித்துக் குறிவைக்கும்வரை ஆடாமல் நின்று விரல் அசையும்போது விலகும். இதற்குப் பலூனின் மேல் கோபப்படுவதில் பொருள் இல்லை. நான் பட்டேன்.

இனி ஒப்பீடு. ஒலிம்பிக்கிலும் இதே 4.5 மில்லிமீட்டர் குண்டுதான். பத்து மீட்டர் தூரம். பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். குண்டே பொட்டைவிட ஒன்பது மடங்கு அகலம். வீரர் விறைப்பான சட்டையும் காலணியும் அணிந்து, மூச்சை அடக்கி, இதயத் துடிப்பின் ஆட்டத்தைக்கூடக் கணக்கில் வைத்துச் சுடுகிறார். நம் வீரர் சாரத்தை மடித்துக் கட்டி, கையிலிருந்த ஜிகர்தண்டாவை மைத்துனரிடம் கொடுத்துவிட்டுச் சுடுகிறார். வேறுபாடு அவ்வளவுதான் என்று நான் சொல்வதை அவசரமாக எடுத்துக்கொள்ளலாகாது. 2008 பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முந்தைய ஒத்திகையில் அபினவ் பிந்த்ராவின் குண்டு நாலாம் வளையத்தில் போய் விழுந்தது. யாரோ தன் துப்பாக்கியின் குறியை மாற்றியிருக்க வேண்டும் என்று பின்னாளில் அவர் சொன்னார். உலகத்தரக் கம்பிக் கொள்கை! ஆனால் அவர் அங்கேயே நின்று தகராறு செய்யவில்லை. இருந்த சில நிமிடத்தில் குறியைத் திருத்தினார். கடைசிக் குண்டை 10.8-இல் வைத்தார், இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வந்தது. ஒத்திகைக் குண்டு எதற்கு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆட்டத்தைக் கடினமாக்கிச் சுவை கூட்டும் கலையில் முன்னோடி துருபதன். மகளின் சுயம்வரத்தில் சுழலும் மீனை மேலே கட்டி, கீழே தண்ணீரில் நிழலைப் பார்த்து அடிக்கச் சொன்னவன். அவன் கடையில் ஒரே ஒரு பரிசு, ஒரே ஒரு வெற்றி, அதோடு கடை மூடல். வியாபார நோக்கில் இது சரியில்லை. நம் அண்ணாச்சிக்கு அந்தத் தவறு நேராது. கீழ் வரிசையில் குழந்தைகளுக்காகக் கொழுத்த பலூன்களைக் கட்டுகிறார். மேலே போகப்போகப் பலூன் சிறுக்கிறது. உச்சியில் எலுமிச்சம்பழ அளவு. முதல் ரெண்டு குண்டில் ஒன்றாவது வெடிக்காவிட்டால் வந்தவன் போய்விடுவான். எல்லாம் வெடித்தாலும் போய்விடுவான். இரண்டுக்கும் நடுவே அவனை நிறுத்தி வைப்பதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை. கைதேர்ந்தவர்களுக்கென்று ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தியையும் ஏற்றி வைத்திருந்தார். சுடரைச் சுட்டு அணைக்க வேண்டும். அதற்குக் கச்சான் அவகாசம் தரவில்லை.

பரிசு இல்லாததைப் பற்றி ஒரு சொல். நாலு கடை தள்ளி வளையம் எறிந்தால் சோப்பு டப்பா கிடைக்கும். அங்கே நிற்பவர்கள் உலகியல்வாதிகள். இங்கே கிடைப்பது 'டப்' என்ற ஓசை மட்டும். இந்த ஊர் அதற்குப் பழகிய ஊர் என்பதே என் துணிபு. முத்துக்குளிப்பு நடந்த நாளில் கரைக்கு வந்த சிப்பியைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள், ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று. உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது எடுத்தவன் அதிர்ஷ்டம். பெரும்பாலும் சதைதான். ஆனாலும் மறு குவியலுக்கும் ஆள் நின்றது. 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் அப்படியொரு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குகுளி மட்டும் தொடர்கிறது. 1973-இல் இங்குள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி அழகர்சாமி சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்தே காட்டிவிட்டார். வைத்த இடத்தில் முத்து! அறிவியலுக்கு மகத்தான வெற்றி. ஏலம் எடுக்கிறவனுக்கு அதில் என்ன படபடப்பு இருக்கிறது? மூடிய சிப்பிக்குக் காசு கொடுத்துப் பழகிய கைகள், திறந்தவெளியில் ஆடும் பலூனுக்கும் கொடுக்கத்தானே செய்யும்.

விளையாட்டின் சுவையைக் கெடுப்பது குறி தவறுவது அல்ல. பச்சையைப் பார்த்துச் சுட்டு, மஞ்சள் வெடித்ததும், "மஞ்சளத்தாம்ல பாத்தேன்" என்பது. இந்தப் பொய்யைத் தடுக்க எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. குதிரையில் விரல் வைக்குமுன் நிறத்தையும் வரிசையையும் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வெடித்த பலூன் செல்லாது. தோற்றவர் மக்ரூன் வாங்கித் தர வேண்டும். இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தின் திறமை பாதியாகச் சரிந்தது, ஆர்வம் இரட்டிப்பானது. மக்ரூன் செலவு பெரும்பாலும் என்னுடையது. முட்டை வெள்ளைக்கருவையும் முந்திரியையும் அடித்துச் செய்யும் அந்தப் பண்டம் வாயில் வைத்ததும் கரைந்துவிடும். தோல்வியும் அப்படியே கரையும் என்று என் மைத்துனர் சொல்வார். தின்பது அவர்.

இந்த ஆய்வைப் படித்துவிட்டு ஆர்வலர் யாரும் அந்தத் துப்பாக்கியின் குறியைச் சரிசெய்து கொடுத்துவிட வேண்டாம். இடப்பக்கம் நாலு விரல் என்ற கணக்கை நான் ஒரு வருஷமாக மனதில் வைத்திருக்கிறேன். வருகிற திருவிழாவில் மேல் வரிசை வலது ஓரத்தில் பச்சைப் பலூன் கட்டியிருந்தால், முன்னால் போகிறவர்கள் தயவுசெய்து வேறு நிறத்தைச் சொல்லுங்கள்.