மூன்றாம் வருஷம் தாத்தா எங்கே போனார்?

"என் தாத்தாவுடையது" என்று அந்த வியாபாரி சொன்னபோது ஏறிய எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. மியூனிக்கில் வருஷத்துக்கு மூன்று தடவை கூடும் ஆவர் டுல்ட் சந்தை, ஜூலைக் கூட்டம். என் கையில் பீங்கான் பியர்க் குவளை. மேலே வெள்ளீய மூடி, அதன் உச்சியில் குட்டிக் குதிரைவீரன். குவளை சேகரிக்கும் நாங்களெல்லாம் ஒன்றைக் கையில் வாங்கியதும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்போம், பிறகுதான் ஆளுக்கு வணக்கம். அதற்குள் தாத்தாவை இறக்கிவிட்டார்.

  இந்தத் தாத்தாக்களை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

1914-க்கு முன்னால், கட்டாய ராணுவ சேவை முடித்து ஊர் திரும்பும் ஜெர்மன் இளைஞன் ஞாபகத்துக்கு ஒரு குவளை செய்து வாங்கிக்கொள்வான். அதில் அவன் பெயர், படைப்பிரிவு, சேவை செய்த வருஷங்கள் எல்லாம் இருக்கும். கைப்பிடிக்கு இருபுறமும், மொய் நோட்டு மாதிரி, கூட இருந்தவர்களின் பெயர்கள்.

அந்தப் படையில் பெரும்பாலோர் காலாட்கள். சந்தையில் விசாரித்துப் பாருங்கள், ஒருத்தர் தாத்தாவும் நடந்ததில்லை! எல்லாரும் குதிரைமேல்தான். ஈட்டி பிடித்த உலான் தாத்தா உண்டு, மார்க்கவசத் தாத்தா உண்டு. உருளைக்கிழங்கு உரித்த தாத்தா கிடையாது. லாயத்தில் சாணி அள்ளிய தாத்தா கிடையவே கிடையாது. குவளையில் ஒரு பெயர், விற்பவருக்கு வேறு பெயர். கேட்டால், அம்மா வழித் தாத்தா. அடுத்த கடையிலும் அம்மா வழிதான். அதற்கடுத்த கடையில் பாட்டியின் அண்ணன். இந்த ஊர் அப்பா வழித் தாத்தாக்கள் எல்லாரும் பாலே குடித்து வளர்ந்தவர்கள் போலிருக்கிறது.

காலாட்படைக்கு 2 வருஷம், குதிரைப்படைக்கு 3 வருஷம் என்பது அன்றைய சட்டம். என் கையிலிருந்த குதிரைவீரர் 1908-இல் சேர்ந்து 1910-இல் முடித்திருந்தார்.

"மூன்றாம் வருஷம் தாத்தா எங்கே போனார்?"

"உடம்பு சரியில்லை."

வெளிச்சத்துக்குத் தூக்கி உள்ளே பார்த்தேன். அடிப் பீங்கானை மெலிந்தும் தடித்துமாக வார்த்து, ஒளி புகும்போது படம் தெரிய வைப்பது அழகான வித்தை. குடித்துத் தீர்த்தவனுக்கே தரிசனம். அசலில் விடைபெறும் சிப்பாயும் காதலியும் நிற்பார்கள். இதில் ஒரு பெண் மட்டும் இருந்தாள், அவளும் குளிக்கத் தயாராக. சுற்றுலாக்காரர்களுக்காகப் பிற்காலத்தில் சுட்ட நகல்களில் இவளைத்தான் அடிக்கடி பார்க்கலாம். கவிழ்த்தேன். 'மேற்கு ஜெர்மனி' என்று முத்திரை. 1949-க்கு முன் அப்படியொரு நாட்டை யாரும் கேள்விப்பட்டதில்லை. 1910-இல் சேவை முடித்தவர் குவளைக்காக நாற்பது வருஷம் காத்திருக்கிறார். நோயாளி அல்லவா, அவசரமில்லை.

விலை கேட்டேன். குடும்பச் சொத்து, விற்க மனசே வரவில்லை என்றார். ரொக்கமாகத் தந்தால் வருமாம்.

வீட்டுக்கு வந்தால் வேறு வகை எதிரிகள். என் அலமாரியில் துரிங்கியாவின் ஷீர்ஹோல்ட்ஸ் ஆலை செய்த முள்ளங்கிக் குவளை இருக்கிறது. பவேரியாவில் பியருக்குத் தொட்டுக்கொள்ள முள்ளங்கிதான். அதற்கு ஒரு அழுமூஞ்சி வைத்து, இலைகளையே மூடியாக்கிய கலைஞனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். என் மனைவிக்கு அப்படியில்லை. "ரசம் வைக்க ஒரு ஈயச்சொம்பு கேட்டா வாங்கித் தர மாட்டீங்க, மூடி மட்டும் வண்டி வண்டியா வருது" என்கிறாள். போன வாரம் வந்திருந்த அண்ணன் மகன் இன்னும் ஒரு படி மேல். "சித்தப்பா, நீங்கதான் பியரே குடிக்க மாட்டீங்களே, இதுல பேனா போட்டு வைக்கலாமே?"

பதில் சொல்லாமல் காபி குடித்தேன். அவன் கிளம்பிய பிறகு போய்ப் பார்க்கிறேன், முள்ளங்கிக்குள் இரண்டு பால்பாயின்ட் பேனா. மூடியைக்கூட மூடவில்லை, தடியன்.