முழுமையாக நடைமுறைப்படுத்தக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
தமிழ்நாட்டில் வரி கட்டுவதோடு நில்லாமல், பிள்ளையை அரசுப் பள்ளியிலும் சேர்த்துவிட்ட ஒருவர்.

பெறுநர்:
ஒன்றியக் கல்வி அமைச்சகம்,
புது டெல்லி.

பொருள்: தேசியக் கல்விக் கொள்கை 2020 – முழுமையாக நடைமுறைப்படுத்துதல் – அமைச்சகத்திடமிருந்து கையொப்பம் பெறுதல் – தொடர்பாக.

பார்வை: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், 2024-25, ஒன்றிய அரசின் பங்கு ரூ.2,152 கோடி (உரிய ஆண்டுக்குள் வந்துசேராதது).



பார்வையில் கண்ட தொகை ஏன் வரவில்லை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. காரணம் ஊரறிந்தது. அந்த ஆண்டுக்கு ரூ.3,586 கோடி என்று தங்கள் ஒப்புதல் வாரியமே முடிவு செய்தது. நூற்றுக்கு 60 தாங்கள், 40 மாநிலம் என்பது கணக்கு. முதல் தவணை ரூ.573 கோடி வர வேண்டிய நேரத்தில் வேறொரு காகிதம் வந்தது. நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை முன்மாதிரியாக்கும் பி.எம். ஸ்ரீ திட்டத்தின் ஒப்பந்தம் அது. அதில் கையெழுத்துப் போட்டால், தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக நடைமுறைப்படுத்துவதாக மாநிலம் எழுதிக் கொடுத்ததாக ஆகும். கையெழுத்து விழவில்லை, பணமும் வரவில்லை.

எங்கள் பக்கத்து ரேஷன் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாக்கெட் உப்போ டீத்தூளோ வாங்கினால்தான் அரிசிக்கு பில் விழும். புகார் போனால், ‘யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது’ என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். தங்களுக்கும் அப்படி வராமல் இல்லை. ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்தின் கையெழுத்தோடு முடிச்சுப் போடுவது நியாயமில்லை என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு சொன்னது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான தொகையையாவது தனியே பிரித்துத் தரலாமே என்று அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த உப்பு பாக்கெட் மட்டும் மேசையைவிட்டு நகரக் காணோம்.

‘முழுமையாக’ என்பதில் தாங்கள் காட்டிய உறுதியைப் பார்த்து எனக்கு அந்தக் கொள்கை மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. 40 லட்சம் பிள்ளைகளுக்கான பணத்தையே நிறுத்திவைக்கத் துணியும் அளவுக்கு அப்படி என்னதான் இருக்கிறது என்று எடுத்துப் படித்தேன். நல்லது நிறையவே இருக்கிறது. அவற்றில் சிலவற்றை இன்னும் செய்யாதவர்கள் யார் என்று பார்த்தபோதுதான் இந்த விண்ணப்பம் எழுதும் எண்ணம் வந்தது.

முதலில் காலை உணவு. காலையில் சத்தாகச் சாப்பிட்ட பிள்ளைக்குக் கடினமான பாடமும் ஏறும், ஆகவே மதிய உணவோடு காலை உணவும் வேண்டும் என்று கொள்கை சொல்கிறது. அடுத்த ஆண்டே, 2021இல், மதிய உணவுத் திட்டத்துக்கு ‘பி.எம். போஷன்’ என்று புதுப்பெயர் சூட்டினீர்கள். பெயரோடு சரி, காலை உணவு வரவில்லை. கையெழுத்துப் போடாத தமிழ்நாடு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவைத் தொடங்கியது. அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது போனது. ரவை உப்புமா, சேமியா கிச்சடி, வெண்பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். இதில் ஒரு கரண்டி சாம்பார்கூடத் தங்கள் கணக்கில் வந்ததில்லை. கொள்கையை நடைமுறைப்படுத்தாத மாநிலம் எது என்ற பட்டியலில் மட்டும் எங்கள் பெயர் இருக்கிறது.

அடுத்தது உயர்கல்விச் சேர்க்கை. 2035க்குள் நூற்றுக்கு 50 பேர் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது இலக்கு. தங்கள் அமைச்சகம் வெளியிட்ட 2021-22 கணக்கெடுப்பின்படி நாட்டின் சராசரி 28.4, தமிழ்நாடு 47. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ‘புதுமைப்பெண்’ திட்டமும், பிறகு பையன்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் மாநிலப் பணத்திலேயே நடக்கின்றன. இலக்குக்குக் கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்துவிட்டவரை நிறுத்தி, ‘புறப்படுவதாக முதலில் எழுதிக் கொடு’ என்று கேட்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு அரசுகள் செலவிட வேண்டும், அதை எவ்வளவு விரைவில் எட்ட முடியுமோ அவ்வளவு விரைவில் எட்ட வேண்டும் என்று 2020 கொள்கை சொல்கிறது. 1986 கொள்கை சொன்னது. 1968 கொள்கை சொன்னது. அதற்கும் முன் கோத்தாரி ஆணையம் சொன்னது. இத்தனை பேர் சொல்லியும் 6 வரவில்லை. மாநிலங்களும் சேர்ந்து எட்ட வேண்டிய எண் என்பது தெரியும். ஆனால் தங்கள் பங்கை எப்போது, எவ்வளவு என்று எழுதிக் கையொப்பமிட்ட காகிதம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆகவே இத்துடன் ஒரு படிவம் இணைத்துள்ளேன். ‘தேசியக் கல்விக் கொள்கையை, 6 சதவீதம், காலை உணவு உட்பட, முழுமையாக நடைமுறைப்படுத்துவேன்’ என்பதே வாசகம். கையொப்பமிடும் வரை தங்கள் அலுவலக ஒதுக்கீட்டில் முதல் தவணையை நிறுத்திவைக்கலாம். குளிர்சாதனம், கார், தேநீர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். கடுமை என்று தோன்றினால், முன்மாதிரி தங்களுடையதே.

நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்பதை டெல்லியிலிருந்து பார்க்க முடியாது என்பதால் சொல்கிறேன். 30 பிள்ளைகளுக்குள் படிக்கும் சின்னப் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டு மானியம் பத்தாயிரம் ரூபாய். நாளைக்கு 27 ரூபாய். சாக்பீஸ், விளக்குமாறு, பினாயில், வருகைப் பதிவேடு, எரியாத டியூப்லைட், ஒழுகும் குழாய்க்கு வாஷர் எல்லாம் அந்த 27 ரூபாய்க்குள். அதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்கென்று ஒதுக்க வேண்டும் என்ற விதியும் தங்களுடையதே. மானியம் தாமதமானால் பள்ளியைப் பூட்டிவிட மாட்டார்கள். தலைமையாசிரியர் தன் கைக்காசில் விளக்குமாறு வாங்கி, ரசீதை டிராயரில் போட்டுவைப்பார். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், வனப்பகுதிப் பிள்ளைகளின் வண்டிச் செலவு, உண்டு உறைவிடப் பள்ளி, தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்தில் சேரும் ஏழைப் பிள்ளையின் கட்டணம் எல்லாம் இதே பணத்தை நம்பித்தான் இருக்கின்றன.

இதில் எங்கள் மாநில அரசையும் சும்மா விடுவதற்கில்லை. 2024 மார்ச்சில் கையெழுத்திட ஆர்வமாக இருப்பதாகக் கடிதம் எழுதியதும் இதே மாநிலம்தான். 2012இல் ஐயாயிரம் ரூபாயில் சேர்ந்து பல ஆண்டுகளுக்குப் பின் 12,500 ரூபாயை எட்டிய பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பல ஆண்டுகளாக மே மாதம் சம்பளமே கிடையாது என்றுதான் இருந்தது. அவர்களை நிரந்தரமாக்குவோம் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி எண் 181 கொடுத்ததற்கும் டெல்லிக்கும் சம்பந்தமில்லை. 25 சதவீத இடச் சேர்க்கை 2025இல் ஏப்ரலில் தொடங்காமல் அக்டோபர் வரை இழுத்தபோதும் சென்னை கைகாட்டியது டெல்லியைத்தான். தாங்கள் பணத்தை நிறுத்தியதில் சென்னைக் கோட்டைக்கு ஒரு வசதியும் கிடைத்தது. எதைக் கேட்டாலும் சொல்ல ஒரே பதில்.

தங்கள் அமைச்சர் 2025 பிப்ரவரியில் வாரணாசியில், காசி தமிழ்ச் சங்கமம் தொடங்கிய நாளில், கொள்கையை ஏற்காத வரை நிதி இல்லை என்று தெளிவுபடுத்தினார். தமிழுக்கும் காசிக்கும் உள்ள பந்தத்தைக் கொண்டாட வந்த இடத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிக்குக் காசில்லை என்று அறிவிக்க நல்ல நாள்தான் பார்த்தார். டெல்லியும் பஞ்சாபும் மறுத்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போட்டன. கேரளம் 2025 அக்டோபரில் போட்டது. கூட்டணிக் கட்சி கொதித்ததும் சில நாட்களிலேயே நிறுத்திவைப்பதாகச் சொன்னது. ஒப்பந்தம் நல்லதென்றால் அதை விற்க இவ்வளவு பாடு ஏன் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

கடைசியாக என் சொந்தக் கணக்கு. என் வருமான வரியின் மேல் சுகாதாரம், கல்வி என்று 4 சதவீதம் கூடுதல் வரி பிடிக்கிறீர்கள். 2004இல் தொடக்கக் கல்விக்கென்று 2 சதவீதமாகத் தொடங்கியது, 2018இல் 4 ஆனது. கூடுதல் வரி என்பதால் மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. அடுத்த முறை, ‘என் நிபந்தனையில் கையெழுத்துப் போட்டால்தான் அந்த 4 சதவீதம்’ என்று நான் எழுதினால் என்ன நடக்கும்? வட்டியோடு நோட்டீஸ் வரும். தமிழ்நாடும் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் அதைத்தான் செய்தது: ரூ.2,291 கோடி கேட்டது, அசல் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் கேட்டது. கல்விக்கு 6 சதவீதம் என்பது அந்த வழியிலாவது வந்து சேரட்டும்.

ஆகவே, இணைப்பில் உள்ள படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டுகிறேன். அதில் சிரமம் இருக்குமானால் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பார்வையில் கண்ட தொகையை நிபந்தனையின்றி விடுவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் கூடுதல் வரியைத் தவறாமல் கட்டும்
ஒரு பெற்றோர்.